கேட்பதற்கு ஒரு நாற்காலி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

வெளியூர் சென்று திரும்பியவர்களிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, “என்னென்ன பார்த்தாய்?” என்பதுதான். ஆக்ரா என்றால் தாஜ்மகால். தில்லி என்றால் செங்கோட்டை. கொல்கத்தா என்றால் ஹவுரா பாலம், விக்டோரியா நினைவு மண்டபம். “என்ன கேட்டாய்?” என்று எவரும் வினவுவதில்லை. கண்ணால் காண்பவை பெரும்பாலும் படமாகி நம் கைக்கே வந்துவிடுகின்றன. ஹவுரா பாலத்தை நேரில் கண்டபோது, ‘ஆம், படத்தில் கண்டதுதான்’ என்றே எனக்குத் தோன்றியது. காதால் கேட்பவை அப்படி அவ்வளவு எளிதில் ஊர்விட்டு ஊர் வருவதில்லை.

“ஏன் வராது? யூடியூபில் இல்லாத இசையா?” என்று விடுதி நண்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரை. எல்லா இசையையும் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஜாஸ் கித்தார் என்னும் ஒன்றைப் பற்றி மட்டும், அதைப் பெருநகரத்தில் தேடிப் போகும் நம்மைப் போன்றவர்களைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஜாஸ் என்றால் கூச்சலும் ஆட்டமும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அமெரிக்காவில் அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை ஒட்டி உருவாக்கிய இசை அது. ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். அதை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டின் எலும்புக்கூடு மட்டும் பின்னால் சுழன்றுகொண்டிருக்க, ஒவ்வொருவரும் தம் மனோதர்மத்தால் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். கல்பனாசுரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்க நியாயமில்லை. தாளத்திலும் ஒரு நயம் உண்டு: ஒரு தட்டை இரு சம பாகமாக வெட்டாமல், முதற்பாதியைச் சற்று நீட்டி மறுபாதியைச் சற்றுக் குறுக்கி, திஸ்ர நடையை நினைவூட்டும்படி நடத்துவார்கள். அந்த ஊசல்தான் ஜாஸின் உயிர்.

இந்த இசையில் கித்தார் நெடுநாள் ஏழைப் பங்காளியாகவே இருந்தது. பதினைந்து பேர் ஊதுகருவிகளை முழக்கும்போது மரக்கித்தாரின் ஓசை யாருக்குக் கேட்கும்? தாளத்துக்குத் துணையாகத் தந்திகளை வருடிக்கொண்டிருப்பதே அதன் வேலை. 1936இல் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ்.150 என்ற மின்கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருப்பது நாம் முதலாண்டிலேயே படித்த ஃபாரடேயின் தத்துவம்தான். காந்தத்தின்மேல் எஃகுத் தந்தி அதிர்கிறது. காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கினால் ஓசை. தேர்வுக்காக உருப்போட்ட அந்த விதியைக் கொண்டு ஓக்லஹோமா நகரத்தில் வளர்ந்த ஓர் ஏழை இளைஞர் இசை வரலாற்றையே திருப்பினார். அவர் பெயர் சார்லி கிறிஸ்டியன். 1939இல் பென்னி குட்மனின் புகழ்பெற்ற குழுவில் சேர்ந்தார். இரவு நேரங்களில் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற சிறு விடுதியில் விடிய விடிய வாசித்தார். 1942இல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது இருபத்தைந்து. நம்மைவிட ஐந்து வயது மூத்தவர், அவ்வளவுதான்.

இனி, யூடியூப் நண்பர்களுக்கு வருகிறேன். கித்தாரின் தடித்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். கூடவே வாசிக்கப்படும் பெரிய பாஸ் வாத்தியத்தின் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். நம் கைபேசியின் உள்ளே விரல்நகம் அளவில் இருக்கும் ஒலிபெருக்கியோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறுகிறது. அப்படியானால் நமக்கு எப்படிக் கேட்கிறது? மேலே உள்ள 328 முதலான கிளைச்சுரங்கள் வந்து சேர்கின்றன. அவற்றைக் கொண்டு, வராத 82ஐ நம் மூளையே கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. அதாவது கைபேசியில் நாம் கேட்கும் கீழ்ச்சுரம் பெரும்பாலும் நம் கற்பனை! நல்ல காதொலிப்பான் இருந்தால் இக்குறை தீரும் என்பது உண்மைதான். ஆனால் விரல் தந்தியின்மேல் வழுக்கும் அந்தச் சிறு கீறல், வாசிப்பவர் தமக்குள் முனகிக்கொள்வது, மேளக்காரர் துடைப்பம் போன்ற கம்பிக்குச்சத்தால் தோலைத் தடவுவது, ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் முகம் மலர்வது, இவையெல்லாம் எந்தக் கருவியில் வரும்?

ஜாஸ் கித்தாரை உரக்க வாசிப்பது பொதுவாக வழக்கமில்லை. பேசுகிற குரலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வெஸ் மான்ட்கோமரி என்ற மேதை பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்து, இரவில் இண்டியானாபொலிஸ் நகர விடுதிகளில் வாசித்தவர். அக்கம்பக்கத்தார் உறக்கம் கெடாதிருக்க மீட்டுகோலை விட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டத் தொடங்கினார் என்றும், அதுவே அவருக்கென்று ஒரு நாதத்தைத் தந்தது என்றும் சொல்வார்கள். இத்தகைய இசைக்கு ஐயாயிரம் பேர் அமரும் அரங்கு எதற்கு? சிறிய அறை வேண்டும். நியூயார்க்கில் 1935இல் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கும் வில்லேஜ் வான்கார்ட், படியிறங்கிச் செல்லும் ஒரு நிலவறை. உலகப் புகழ் பெற்ற அந்த இடத்தில் அமரக்கூடியவர்கள் 123 பேர்தாம்.

ஆகவே ஜாஸ் கித்தாரைத் தேடுகிறவன் சிறிய அறையைத் தேடவேண்டும். அச்சிறிய அறை யார் கையில் இருக்கிறது, அதன் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதே நான் எழுப்ப விரும்பும் பிரச்சினை.

நம் நாட்டில் இதற்குப் பேர்போன தெரு ஒன்று உண்டு. கொல்கத்தாவின் பார்க் தெரு. 2004 முதல் அன்னை தெரசா சரணி. அந்நகரத்துக்கு ஜாஸ் வந்தது நேற்று இன்று அல்ல. டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, 1945இல் காலரா கண்டு அந்த நகரத்திலேயே மாண்டார். விடுதலைக்குப் பின் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாய் உணவகங்கள். அவற்றில் நேரடி இசை. நமக்குத் தொடர்பற்ற தெரு என்று யாரும் எண்ணவேண்டாம். சென்னை அண்ணா சாலையில், அன்றைய சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் விடுதியில் 1969இல் புடவை கட்டிக்கொண்டு மேடையேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண்தான் பின்னர் டிரிங்காஸில் பாடிப் புகழ்பெற்றார். இன்று உஷா உதுப் என்று நாடறியும்.

கித்தார் என்றால் அத்தெருவில் கார்ல்டன் கிட்டோ. 1942இல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். சிறு வயதில் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, தாமே கற்றுக்கொண்டவர். 1970களில் மொகாம்போவில் வாசித்தார். அதே காலத்தில் நேரடி இசை வைத்த உணவகங்கள்மேல் கேளிக்கை வரி விழுந்தது, மின்வெட்டு வந்தது, நகரத்தின் தொழிலும் தேங்கியது. கலைஞர்கள் பலர் பம்பாய்த் திரையுலகை நாடிப் போனார்கள். கிட்டோ போகவில்லை. ஹோட்டல்களில் வாசித்துக்கொண்டு, 1915இல் நிறுவப்பட்ட கல்கத்தா இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டு, 2016இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அவரைத் தேடிச்சென்று எடுத்த ஆவணப்படமும் ஒன்று உண்டு.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒருமைப்பாட்டு முகாமுக்காக நம் கல்லூரியிலிருந்து நான் கொல்கத்தா சென்றபோது, ஏழு நாளில் ஒரே ஒரு மாலை எங்களுடையதாக இருந்தது. நண்பர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் பார்க் தெருவுக்குப் போனேன். பையில் 400 ரூபாய். ஓர் உணவகத்தின் வாசலில் ‘இன்று நேரடி இசை’ என்று பலகை இருந்தது. உள்ளே கித்தார் மெல்லக் கேட்டது. கதவு திறக்கும்போது மூன்று நொடி, மூடியபின் ஒன்றுமில்லை. தலைப்பாகை அணிந்த காவலர் என் காலணியைப் பார்த்தார். பிறகு, மரியாதையாகவே, ஒருவருக்குக் குறைந்தது 1,000 ரூபாய்க்காவது சாப்பிடவேண்டும் என்றார். “இசையை மட்டும் கேட்க எவ்வளவு?” என்று நான் அறிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படி ஒரு விலை அவர்களிடம் இல்லை. காவலர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் உள்ளே அமர்ந்து கேட்டிருக்கமாட்டார்.

இங்கேதான் என் கருத்து. இசைக்கு விலை வைப்பதில் தவறில்லை. இசையைச் சாப்பாட்டின் தொடுகறியாக விற்பதே தவறு. நான் வாங்க விரும்பியது இசை. அவர்கள் விற்றது வறுத்த மீன். விரும்பிக் கேட்க வந்தவன் வெளியே நிற்கிறான். மீனுக்காக வந்தவர் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்.

“வாசிப்பவருக்குச் சம்பளம் வேண்டாமா? உனக்கு இலவசமாகக் கேட்கவேண்டுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் தாய்மாமன் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவர். ஓர் இரவுக்கு 700 ரூபாய். அவரிடம் இதைச் சொன்னபோது, “சோத்துக்கு நடுவுல வாசிச்சா எவன்டா மாப்ளே காது குடுக்கறான்? ஆனா சோறு போடறவன்தானே கூலியும் குடுக்கறான்” என்றார். இரண்டு வாக்கியத்தில் பிரச்சினையின் இரு பக்கத்தையும் சொல்லிவிட்டார். உணவகங்கள் இல்லையென்றால் கிட்டோ போன்றவர்கள் வாழ்ந்திருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. அது ஒன்றே வழி என்பதைத்தான் மறுக்கிறேன்.

வேறு வழி இருந்ததற்குச் சான்று நியூயார்க்கிலேயே உண்டு. 1994இல் கிரீனிச் வில்லேஜில் ஸ்மால்ஸ் என்ற நிலவறை விடுதி திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் 10 டாலர். மது விற்கும் உரிமமே கிடையாது. பத்து டாலர் கொடுத்தவன் விடியும்வரை அமர்ந்து கேட்கலாம். எதையும் வாங்கவேண்டிய கட்டாயமில்லை. கூட்டம் யார்? இசை பயிலும் மாணவர்கள், கையில் காசில்லாத இளைஞர்கள். கர்ட் ரோசன்விங்கல், பீட்டர் பெர்ன்ஸ்டைன் போன்று இன்று உலகம் சுற்றும் கித்தார் கலைஞர்கள் இளமையில் தொடர்ந்து வாசித்து வளர்ந்த மேடைகளுள் ஒன்று அது. 2003இல் மூடப்பட்டுப் பின்னர் வேறு முறையில் திறக்கப்பட்டது. பழைய விலை இப்போது இல்லை. ஆயினும் ஒன்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை, நடக்காத காரியம் என்று யாரும் சொல்லமுடியாது அல்லவா?

அரசாங்கங்களும் தங்கள் பங்குக்குக் கெடுத்திருக்கின்றன. நியூயார்க்கில் 1926இல் ஒரு கேளிக்கை விடுதிச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் அதில் சேர்ந்த விதிகள் வேடிக்கையானவை. உரிமம் இல்லாத சிறு உணவகத்தில் மூன்று பேருக்குமேல் வாசிக்கக்கூடாது. அந்த மூவரும் பியானோ, தந்தி வாத்தியம் போன்றவற்றையே வாசிக்கலாம். ஊதுகருவியும் மேளமும் ஆகாது. கித்தாரும் பாஸும் மட்டும் சேர்ந்து வாசித்தால் சட்டப்படி சரி. பக்கத்தில் ஒருவர் சாக்ஸபோனை எடுத்தால் குற்றம்! இசைக்கலைஞர்கள் வழக்குத் தொடுத்து 1980களில்தான் இவ்விதிகளை நீதிமன்றத்தில் வீழ்த்தினார்கள். இன்னும் கொடியது, 1940 முதல் 1967 வரை அந்நகர விடுதிகளில் வாசிக்கக் காவல்துறையின் அனுமதி அட்டை வேண்டும் என்ற விதி. பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் போன்ற மேதைகளே அட்டை பறிக்கப்பட்டுத் தம் சொந்த நகரத்தில் ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் வாசிக்கமுடியாமல் இருந்தார்கள். 1926ஆம் ஆண்டின் சட்டம் முழுவதுமாக நீக்கப்பட்டது 2017இல். ஆனால் சட்டம் விட்டதை வாடகையும் கொள்ளைநோயும் பிடித்துக்கொண்டன. மைக் ஸ்டெர்ன் என்ற கித்தார் கலைஞர் பல்லாண்டுகள் வாரந்தோறும் வாசித்த ‘55 பார்’ 1919 முதல் இருந்த இடம், 2022இல் மூடப்பட்டது.

கொல்கத்தாவில் அந்த மாலை வீணாகவில்லை. பார்க் தெருவிலிருந்து பிரியும் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டுக் கடைகளும் வாத்தியக் கடைகளும் உண்டு. அங்கே ஒரு கடையில் கித்தார்த் தந்தி மாற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், “தாதா, ஜாஸ் கித்தார் எங்கே கேட்கலாம்?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டி, “ஆறரைக்கு, நடந்தே போகலாம்” என்றார். அது ஒரு தேவாலயத்தை ஒட்டிய சிறு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏறக்குறைய நாற்பது பேர், பாதிப்பேர் மாணவர்கள். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி, இயன்றதைப் போடலாம். ஐம்பது ரூபாய் போட்டேன்.

கித்தார், பாஸ், மேளம், மூவர்தாம். கித்தார் வாசித்தவருக்கு அறுபது வயது இருக்கும். பகலில் ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர்போல் இருந்தார். நான் மூன்றாவது வரிசை. பாஸின் கீழ்ச்சுரம் காதில் படுவதற்கு முன் நாற்காலியில் பட்டது. கைபேசியில் என் மூளை இட்டு நிரப்பிய அந்தச் சுரம் இப்போது உண்மையாகவே காலடியில் வந்து நின்றது. ஒரு மெட்டின் நடுவில் அவர் விரல் ஒரு கட்டை தவறி விழுந்தது. கேட்ட எல்லோருக்கும் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. அதே தவறான சுரத்தை வேண்டுமென்றே மறுபடி வாசித்தார், மறுபடியும் வாசித்தார், நான்காம் முறை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து மெட்டோடு சேர்த்துவிட்டார். மேளக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அது பதிவு செய்யப்பட்டிருந்தால் ஒருவேளை வெட்டி எறிந்திருப்பார்கள்.

“எந்த நாட்டு இசையோ, அது நமக்கு எதற்கு? முதலில் பட்டத்தை வாங்கு” என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். வயலின் எந்த நாட்டு வாத்தியம்? பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அது நம்முடையதாயிற்று. கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜன் நாதசுவரத்தின் கம்பீரத்தைக் கொண்டுவந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்ததும் அதே காந்தச் சுருள் வைத்த மின்வாத்தியம்தான். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கொத்தனார். எங்களைப் போன்றவர்களுக்கு ‘இது உனக்கில்லை’ என்று சொல்லப்பட்டவற்றின் பட்டியல் ஏற்கெனவே நீளமானது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் படைத்த இசையையும் அப்பட்டியலில் சேர்க்கவேண்டுமா? ஒரு காலத்தில் நம் ஊர்களில் சுவாமி புறப்பாட்டில் நள்ளிரவுவரை நாதசுவரக்காரர் ஒரே இராகத்தை வாசிப்பார். தெருவில் நின்றவனும் கேட்டான், திண்ணையில் படுத்தவனும் கேட்டான். (சில தெருக்களுக்கு அந்தப் புறப்பாடு வந்ததே இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.) நல்ல இசை கேட்பதற்குப் பணக்காரக் காது வேண்டும் என்று யாரும் அன்று நினைக்கவில்லை.

எனவே பெருநகரம் செல்லும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹோட்டல் பலகைகளை நம்பவேண்டாம். வாத்தியக் கடையில் கேளுங்கள். இசைப்பள்ளியின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தந்தி மாற்றும் பெரியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கதவு மூடியிருந்தால் கேட்கக் கூச்சப்படாதீர்கள், “இசைக்கு மட்டும் எவ்வளவு?” என்று. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு ஒரு விலை சொல்லவேண்டிய நிலை அவர்களுக்கு வரும்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிகளின் செலவில் நான்கு கலைஞர்களை அழைக்கலாம். இயற்பியல் துறையின் படிக்கட்டு வகுப்பறையில் 120 பேர் அமரலாம். நியூயார்க்கின் வான்கார்டைவிட மூன்று பேர்தாம் குறைவு. கடைசிப் படியில் அமர்ந்தாலும் பேராசிரியரின் சுண்ணக்கட்டி உரசும் ஓசை கேட்கும் அறை அது. மாணவருக்கு 20 ரூபாய், ஆசிரியப் பெருமக்களுக்கு 50 ரூபாய் என்று வைத்து, வசூலானதை அப்படியே வாசித்தவர் கையில் கொடுக்கலாம். கித்தாருக்கு வேதியியல் துறையில் ஒரு நண்பன் இருக்கிறான். கிளாரினெட்டுக்கு மாமாவைக் கேட்டுவிட்டேன். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்க்கச் சொன்னார். மாலை நான்கு மணிக்குமேல் அந்த அறை பூட்டியே கிடக்கிறது என்பதைத் துறைத்தலைவர் ஐயா அவர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.